குழியிலிருந்து குழாய்க்கு: லண்டன் 1848, எங்கள் தெரு

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கை மூடிவிட்டு, பாதாள சாக்கடை இணைப்புக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. "இதுல எழுத என்ன இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இணைப்புக்காகக் காத்திருந்த மாதங்களில், இதே வேலையை ஒரு நகரம் முழுக்கச் செய்தபோது என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த நகரம் லண்டன். படித்ததை வைத்து நான் ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தெரு நிலவரம். சென்னையின் தெற்குப் புறநகர். 2011-ல் மாநகராட்சி எல்லை சுமார் 174 சதுர கி.மீ.-லிருந்து 426 சதுர கி.மீ. ஆனபோது உள்ளே வந்த பகுதிகளில் ஒன்று. 1992-ல் அப்பா வீடு கட்டியபோது இது பஞ்சாயத்து. அரை கிரவுண்டு மனை, பக்கவாட்டில் கிணறு, வாசலை ஒட்டி செப்டிக் டேங்க். போன வருஷம்தான் தெருவில் குழாய் பதித்து மேன்ஹோல் கட்டினார்கள். கழிவை இழுத்துக்கொண்டு போகவேண்டிய பம்பிங் ஸ்டேஷன் வேலை மட்டும் முடியவில்லை. "நாங்க சொல்ற வரைக்கும் யாரும் லைன்ல கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மழையில் எங்கள் டேங்க் நிரம்பி வழிந்தது. 1,500 ரூபாய் கொடுத்து லாரியில் எடுத்தோம். நாலாம் நாள் மறுபடி நிரம்பியது. அப்போதுதான் ஒரு பிளம்பர் வந்தார். "சார், ராத்திரியோட ராத்திரியா மேன்ஹோல்ல ஒரு ஓட்டை போட்டு கோத்து விட்டுடறேன். உங்க தெருவுல ஏற்கெனவே ஏழு வீட்டுக்குப் பண்ணியாச்சு."

நான் உடனே மறுக்கவில்லை. ஒரு நாள் டைம் கேட்டேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குழியும் ஃப்ளஷ்ஷும்

19-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது லண்டனில் பாதாளக் கால்வாய்கள் இருந்தன. ஆனால் அவை மழைநீருக்கு மட்டும். வீட்டுக் கழிவை அதில் விடுவது குற்றம். கழிவு, வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ செங்கல் வைத்துக் கட்டிய குழிக்குள் விழும். நீர் மண்ணில் கசிந்துவிடும். கெட்டியானதை இரவில் ஆட்கள் வந்து வாளியில் அள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இரவில் மட்டுமே செய்யவேண்டிய வேலை என்பதால் அவர்களுக்கு 'நைட்மென்' என்றே பெயர். அள்ளியது நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு உரமாகப் போகும். நாற்றமடித்தாலும் அது ஒரு முழுச் சுற்று. வயலில் ஆரம்பித்தது வயலுக்கே திரும்பியது.

இந்தச் சுற்றைக் கெடுத்தது ஒரு நல்ல கண்டுபிடிப்பு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயோடு ஃப்ளஷ் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1778-ல் ஜோசப் பிராமா அதை மேம்படுத்தினார். வசதியான வீடுகள் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தன. வீட்டுக்குள் நாற்றம் போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பல லிட்டர் தண்ணீர் குழிக்குள் இறங்கியது. குழியோ அந்தத் தண்ணீருக்காகக் கட்டியதல்ல. குழிகள் வழிய ஆரம்பித்தன.

1815-ல் தடையை எடுத்தார்கள். குழியின் வழிச்சலைத் தெருக் கால்வாயில் விடலாம் என்று ஆனது. அந்தக் கால்வாய்கள் எல்லாம் தேம்ஸ் நதியில் போய் முடிபவை. நகரத்துக் குடிநீர் கம்பெனிகள் பலவும் அதே நதியிலிருந்துதான் தண்ணீர் எடுத்தன. 1801-ல் சுமார் 10 லட்சம் பேர் இருந்த நகரம், 1851-ல் 23 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நூற்றாண்டின் நடுவில் லண்டனில் 2 லட்சம் குழிகள் வரை இருந்ததாகக் கணக்கு சொல்வார்கள்.

1848: எல்லாரும் மாறுங்கள்

1832-ல் லண்டனுக்கு முதல் காலரா. 6,536 பேர் இறந்தார்கள். எட்வின் சாட்விக் என்ற அதிகாரி 1842-ல் ஏழைத் தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலரையும் போல அவரும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நம்பியவர். நாற்றம் எங்கேயோ நோய் அங்கே. அப்படியானால் தீர்வு எளிது. நாற்றம் பிடித்த குழிகளை மூடி, எல்லா வீட்டையும் கால்வாயோடு இணைத்து, தண்ணீர் அடித்துத் தள்ளிவிட்டால் நோயும் போய்விடும்.

1848-ல், சிட்டி பகுதி நீங்கலாக, தனித்தனியாக இருந்த கால்வாய்க் கமிஷன்களை ஒன்றாக்கி ஒரே அமைப்பு ஆக்கினார்கள். சாட்விக்கும் அதில் ஓர் உறுப்பினர். சட்டமும் துணைக்கு வந்தது. சுமார் ஆறு வருஷத்தில் 30,000 குழிகள் மூடப்பட்டதாகப் பின்னாளில் தலைமைப் பொறியாளர் பேசல்ஜெட் எழுதினார். அத்தனை வீட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போனது.

சாட்விக்கைக் கெட்டவராகக் காட்டுவது சுலபம். அவர் அப்படி இல்லை. அவர் கண்ட கொடுமை உண்மை. குழிகள் கொன்றதும் உண்மை. ஆனால் வேலையின் வரிசை தப்பிவிட்டது. எங்கள் தொழிலில் இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். பழைய சிஸ்டத்தில் இருக்கும் ஆட்களைப் புதுசுக்கு மாற்றுவது. அதில் முதல் பாடமே, போய்ச் சேரும் இடம் தயாரா என்று பார்க்காமல் ஆட்களை மாற்றாதே என்பதுதான். லண்டன் 30,000 வீட்டை மாற்றியபோது, போய்ச் சேரும் இடம் குடிநீர் நதி.

1848-49 காலராவில் லண்டனில் 14,137 பேர் இறந்தார்கள். 1853-54-ல் 10,738 பேர்.

இதில் இன்னொரு மனிதர் வருகிறார். மருத்துவர் ஜான் ஸ்னோ. நோய் காற்றில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று 1849-லேயே எழுதியவர். தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குக் குடிநீர் கொடுத்துவந்தன. அதில் லாம்பெத் கம்பெனி 1852-ல் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரத்துக்கு மேலே, சுத்தமான தேம்ஸுக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி பழையபடி கழிவு கலக்கும் பேட்டர்சீ பகுதியிலேயே எடுத்தது. 1854-ல் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைப் பற்றி விசாரித்து, எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரத்தில், 10,000 வீட்டுக்கு லாம்பெத் வாடிக்கையாளர்களில் 37 சாவு. மற்ற கம்பெனியில் 315.

ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே நாற்றம். குழாய் மட்டும் வேறு. வீட்டுக்காரர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. மேலே இருந்தவர்கள் சட்டப்படி குழியை மூடினார்கள், கீழே இருந்தவர்கள் குடித்தார்கள். எனக்கு இந்த இரண்டு எண்களும் ரொம்ப நாள் மனதில் நின்றன.

குழிதான் நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதே 1854-ல் பிராட் தெருவில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கிணற்றுப் பம்பு கதை பலருக்கும் தெரியும். ஸ்னோ சொல்லி அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதிகம் பேசப்படாதது அடுத்த வருஷம் நடந்தது. ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார் வீடு வீடாக விசாரித்து, 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் நோய் வந்ததைக் கண்டுபிடித்தார். குழந்தையின் துணி அலசிய தண்ணீரை வீட்டு முன்பக்கக் குழியில் ஊற்றியிருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் சுவர் உளுத்துப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை.

இதைப் படித்த அன்று டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எங்கள் டேங்க்குக்கும் கிணற்றுக்கும் 14 அடி. 15 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரை கிரவுண்டில் 15 மீட்டருக்கு எங்கே போவது? எங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டேங்க்.

கீழே, இன்னும் கீழே

1858 ஜூன் மாத வெயிலில் தேம்ஸ் நாறியது. பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்த மாதம் 16-ஆம் தேதி ஸ்னோ இறந்துபோனார். ஆகஸ்டு 2-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. பணமும் அதிகாரமும் கிடைக்க, ஜோசப் பேசல்ஜெட் வேலையை ஆரம்பித்தார். ஆற்றுக்குப் போகும் கால்வாய்களை வழியிலேயே மறித்து, கிழக்கே திருப்பிவிடும் பெருங்குழாய்கள், 82 மைல் நீளத்துக்கு. வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்னெஸ். அங்கே தேக்கிவைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்து ஆற்றில் திறந்துவிடவேண்டும்.

கிராஸ்னெஸ் பம்பிங் ஸ்டேஷனை 1865-ல் திறந்தார்கள். (அதே 1865-ல்தான் கேப்டன் ஹெக்டர் டல்லோக் மெட்ராஸ் நகரத்துக்கான வடிகால் திட்ட அறிக்கையை எழுதினார்.) மறுவருஷம் மறுபடி காலரா. ஆனால் இந்தத் தடவை பெரும்பாலும் ஓர் இடத்தில்: பேசல்ஜெட்டின் குழாய் வேலை இன்னும் முடியாத கிழக்கு லண்டனில். 5,596 பேர். குழாய் முடிந்த பகுதிகள் பெருமளவு தப்பின. அந்தத் திட்டம் வேலை செய்தது என்பதற்கு அதைவிடக் கொடுமையான சான்று வேண்டியதில்லை.

ஆனால் கழிவு காணாமல் போகவில்லை. முகவரி மாறியது. 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு, தேம்ஸில் ஒரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600-க்கும் மேல் இறந்தார்கள். அந்த இடம் கழிவு வெளியேற்றும் வாய்களுக்குப் பக்கம். சற்று நேரத்துக்கு முன்புதான் திறந்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு விசாரணைக் கமிஷன், வாதம். 1887-லிருந்து கெட்டிச் சேற்றைப் பிரித்து, கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதல் கப்பலுக்கு பேசல்ஜெட் பெயர். கடலில் கொட்டுவது 1998-ல்தான் நின்றது. மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் போகும் ஏற்பாடு என்பதால் பெருமழையில் அது ஆற்றில் வழிவதும் தொடர்ந்தது. அதைத் தடுக்க 25 கி.மீ. சுரங்கம் ஒன்று கட்டி, 2025 பிப்ரவரியில்தான் முழுதாக இணைத்து முடித்தார்கள்.

1815-லிருந்து 2025. வீட்டுக் குழி, தெருக் கால்வாய், ஆறு, ஆற்றின் கீழ்ப்பகுதி, கடல். ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கிருந்து போயிடுச்சு" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கீழே யாரோ இருந்தார்கள்.

பள்ளத்து வீடு

பிளம்பரிடம் டைம் கேட்ட மறுநாள் காலை தெருக் கோடி வரை நடந்தேன். எங்கள் தெரு அந்தப் பக்கம் பள்ளம். கடைசி வீட்டில் ரிட்டயரான டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேன்ஹோல் மூடி வழியாகக் கழிவு பொங்கி, கேட் வரை வந்திருந்தது. பம்பிங் இல்லாத குழாயில் ஏழு வீட்டுக் கழிவு எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு நின்றிருந்தார்.

"தம்பி, உங்க வீட்டுதும் இதுல வருதா?"

"இல்ல மேடம்" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் அது உண்மை. அதை உண்மையாகவே வைத்துக்கொள்ள ஐந்து மாதமும் பல லாரி வாடகையும் ஆனது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி எழுதினேன். "உங்களுக்கு என்ன சார், லாரிக்குக் காசு இருக்கு" என்று ஒருவர் பதில் போட்டார். அதிலும் நியாயம் இருக்கு. மழைக்காலத்தில் வாரம் ஒரு லாரி எல்லாராலும் முடியாது. ஏழு வீட்டுக்காரர்களும் சாட்விக்கைப் போலத்தான். தங்கள் வாசலில் இருந்த கஷ்டம் உண்மையான கஷ்டம்.

டேங்க் திறந்த நாள்

பங்குனியில் பம்பிங் ஸ்டேஷன் ஓட ஆரம்பித்தது. டெபாசிட் கட்டி, இணைப்புக்கு அனுமதி வாங்கினோம். மேஸ்திரி முதலில் மட்டம் பார்த்தார். ரோடு மேலே மேலே போட்டு எங்கள் தரை தெருவைவிட ஒன்றரை அடி பள்ளம். பின்பக்கப் பாத்ரூமிலிருந்து வாசல் சேம்பர் வரை 40 அடி. 60 அடிக்கு ஒரு அடி சரிவு வேண்டும் என்றால் 40 அடிக்கு 8 அங்குலம் இறங்கணும். தெரு மேன்ஹோல் ஆழமாக இருந்ததால் தப்பித்தோம். தெருக் குழாய் நிரம்பினால் கழிவு வீட்டுக்குள் திரும்பாமலிருக்க ஒரு ரிட்டர்ன் வால்வு. மொட்டைமாடி மழைநீர்க் குழாயை இதில் சேர்க்கவே கூடாது என்று சொல்லித் தனியாக விட்டேன். லண்டனை 2025 வரை இழுத்த தப்பு அது.

பழைய டேங்க்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது செப்டிக் டேங்க்கே இல்லை. செப்டிக் டேங்க் என்பது அடித்தளம் போட்ட, நீர் கசியாத தொட்டி. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா கழிவைச் செரிக்கும். தெளிந்த நீர் மட்டும் வெளியே உறிஞ்சுகுழிக்குப் போகும். பிரான்சில் மூராஸ் என்பவர் 1860 வாக்கில் இதற்கு முன்னோடியாக ஒன்று செய்தார். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தின் டொனால்டு கேமரன் 1895-ல் பெரிய அளவில் கட்டி, அந்தப் பெயரையும் வைத்தார். அதாவது பேசல்ஜெட்டின் குழாய்களைவிட செப்டிக் டேங்க் வயதில் இளையது. எங்கள் வீட்டில் இருந்தது அதற்கும் முந்தைய சரக்கு. சிமெண்ட் உறைகளை அடுக்கி, அடியில் வெறும் மண். 1840-களின் லண்டன் குழி, 14 அடியில் கிணறு. முப்பது வருஷத்துக்கு மேல் அதை செப்டிக் டேங்க் என்று சொல்லிவந்திருக்கிறோம்.

லாரி உறிஞ்சியது. அடியில் இரண்டடிக்குக் கெட்டிச் சேறு மிச்சம். காண்ட்ராக்டர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "ஒரு ஆளை இறக்கிடலாம் சார். பத்து நிமிஷ வேலை."

1996-ல் அடைப்பு எடுக்க இதே குழிக்குள் ஒருவர் இறங்கினார். நான் அப்போது பிளஸ் டூ. இடுப்பில் கயிறு, கையில் வாளி. அப்பா கூலியில் ஐம்பது ரூபாய் பேரம் பேசினார். அம்மா தனியாக வைத்திருந்த பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நான் மேலேயிருந்து டார்ச் அடித்தேன். அவர் ஏறி வந்துவிட்டார். குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும், அது காற்றைவிடக் கனமானது, அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராமல் போய்விடும், அடுத்தது மயக்கம்தான் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2013 சட்டம், பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. அப்படி ஆக்கவேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

"ஆள் இறங்க வேணாம்" என்றேன்.

"சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியுங்க."

முகம் சுளித்தார். பிறகு தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து, மறுபடி உறிஞ்சி, இரண்டு நாளில் மூன்று நடை அடித்து முடித்தார்கள். ஒரு நாள் கூடுதல், இரண்டு லாரி வாடகை கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் சுண்ணாம்பு போட்டு, செங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி மூடினோம். இப்போது அதன் மேல் அம்மாவின் செம்பருத்தித் தொட்டி இருக்கிறது.

எங்கள் கழிவு பம்பிங் ஸ்டேஷன் வழியாகப் பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இணைப்புக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது? பழைய குழியை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறார்கள்? லண்டன் முதல் கேள்வியைக் கேட்கப் பல வருஷம் தாமதித்தது. நாங்கள் இரண்டாவதைக் கேட்க முப்பது வருஷத்துக்குப் பக்கம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஐப்பசி வரட்டும். முதல் பெருமழையன்று டீச்சரம்மா வீட்டு மேன்ஹோலைப் போய்ப் பார்க்கவேண்டும்.